கயிறு இழுத்த ஆள்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் இளையதம்பி, அவருடைய மனைவி நேசமலர், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மகள் ஞானேஸ்வரி, ஓமந்தையிலிருந்து பஸ் ஏறி வந்த யதுர்ஷிகா என்ற படம் கீறுகிற பிள்ளை, பத்தரை மணிபோல் தன் பாட்டில் வந்து கதிரையில் குந்திய யோகலிங்கம். இவ்வளவு பேர்தான். சந்திக்கடைக் கிருசாந்தன் தானும் நின்றதாக இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் அன்று விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை முறிகண்டிப் பக்கம் ஒரு செத்தவீட்டில் நின்றவர். அங்கே அவரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

அக்கராயனில் 'ஸ்ரைக்கர் வீடு' என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் இளையதம்பியின் படலையைக் காட்டும். ஐம்பத்தொரு வருடத்துக்கு முன்னர் அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய மில் இருந்தது. நெல்லை அவித்து, சீமெந்துத் தளத்தில் காயவிட்டு, குற்றி அரிசியாக்குகிற மில். மழை பெய்தால் நெல் காயாது. நெல் காயாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை என்றார் முதலாளி. மழையைக் கூப்பிட்டது நாங்களோ என்று கேட்டார்கள் தொழிலாளர். கேட்டுவிட்டு, ஸ்ரைக் என்று வேலையை நிறுத்திக் கேற்றுக்கு வெளியே வந்து குந்தினார்கள். பதினெட்டு நாள் குந்தினார்கள். பதினெட்டாம் நாள் முதலாளி மழை நாளுக்கு அரைச் சம்பளம் என்று இறங்கி வந்தார். அப்போது சங்கத் தலைவர் யோகலிங்கம். செயலாளர் இளையதம்பி.

அந்தக் கதையை இளையதம்பி எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்பதற்கு அளவில்லை. மகளின் கல்யாண வீட்டில் சொன்னார். இடம்பெயர்ந்து மரத்தடியில் கிடந்த நாட்களில் பக்கத்து மரத்தடிக்காரருக்கும் சொன்னார். கதை எப்போதும் ஒரே வசனத்தில்தான் முடியும். "பதினெட்டு நாளும் கேற்றுக்கு அங்காலை ஒருத்தன் கால் வைச்சவன் இல்லை." அதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிரும். எழுபத்தைந்து வயதிலும் சாய்மனைக் கதிரையில் சாயாமல் இருக்கிற மனிதர் அவர்.

யதுர்ஷிகா அந்த ஸ்ரைக்கைத்தான் படக்கதைப் புத்தகமாகக் கீறிக்கொண்டிருந்தாள். எழுத்துக் கொஞ்சம், படம் கூட. ஸ்ரைக் நடந்தபோது யாரோ எடுத்த நாலைந்து போட்டோக்களும் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. மில்லில் மிஞ்சியது அந்தச் சீமெந்துத் தளம் மட்டும்தான். "போட்டோ இல்லாதபடியால்தான் ஐயா கீறுறன்," என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். புதன்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகவேண்டும். அதற்கு முன் உயிரோடு இருக்கிறவர்கள் தங்களைக் கீறிய பக்கங்களைப் பார்த்துச் சம்மதக் கையெழுத்து வைக்கவேண்டும். அதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமை வந்தாள்.

மாசி வெயில் நன்றாக எறித்தது. ஞானேஸ்வரி முதல் நாள் பின்னேரம் இரண்டு மூட்டை நெல் அவித்து, விடிய வீட்டு வாசலுக்கு முன்னால் தார் றோட்டில் பாதி அகலத்துக்குப் பரப்பியிருந்தாள். அவித்த நெல்லின் மணம் விறாந்தைவரை வந்தது. அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து துழாவிக்கொண்டிருந்தாள்.

விறாந்தையில் இளையதம்பி கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்தை எடுத்தார்.

"பிள்ளை, மீசை காணாது."

"அம்மா சொன்ன அளவுக்குத்தான் ஐயா கீறினனான்."

"அம்மா என்ன அளவு சொன்னவா?"

யதுர்ஷிகா குசினிப் பக்கம் பார்த்தாள். தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது.

"எலிவால் எண்டு சொன்னனான்," என்றார் நேசமலர் உள்ளேயிருந்து. சத்தம் திரும்பத் தொடங்கியது.

மீசையைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் முதலாளிக்கு முன்னால் கையைக் கட்டாமல் நின்றார். இருபதாம் பக்கத்தில் சைக்கிளில் நின்றுகொண்டே பேசினார். அப்படி ஒருநாளும் பேசியதில்லை, ஆனால் நன்றாக இருந்தது. முப்பத்தொன்பதில் யோகலிங்கத்தைவிட அரைச் சாண் உயரமாக இருந்தார். அதில் பிழை ஒன்றும் அவர் காணவில்லை.

நாற்பத்தேழாம் பக்கம் முழுவதும் ஒரே படம். மேலே கருமுகில். கீழே மில்லின் தளம், அது நிறைய நெல். தூரத்தில் கேற்றும், கேற்றுக்கு வெளியே புள்ளி புள்ளியாகத் தலைகளும். நடுவில் இளையதம்பி தன்னந்தனியாக, மடித்துக் கட்டிய சாரத்தோடு, பலகையைப் பிடித்து முதலாளியின் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார். 'பன்னிரண்டாம் நாள், மழைக்கு முன் சங்கச் செயலாளர் வேலி பாய்ந்தார்' என்று ஒரு வரி.

இளையதம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். படம் மாறவில்லை.

"உது ஆர் சொன்னது?"

"நான்தான்." நேசமலர் தேத்தண்ணியோடு வந்தார். "போன முறை பிள்ளை வரேக்கை நீங்கள் குளத்துக் கூட்டத்துக்குப் போட்டியள். பன்னிரண்டாம் நாள் என்ன நடந்ததெண்டு கேட்டவா. சொன்னனான்."

"நீர் என்னத்துக்கு உதைச் சொன்னனீர்?"

"ஏன், பொய்யோ?"

பொய் இல்லை. அதுதான் கரைச்சல்.

"சொல்லுறதில்லை எண்டுதானே," என்று பல்லுக்குள் இழுத்தார்.

"சத்தியம் ஆம்பிளையளிட்டைத்தான் வாங்கினது. பொம்பிளையளிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

"என்ன சத்தியம் அம்மா?" என்றாள் யதுர்ஷிகா.

"ஒண்டுமில்லை பிள்ளை. தேத்தண்ணி ஆறுது, குடி," என்றார் இளையதம்பி.

நடந்தது இதுதான். பன்னிரண்டாம் நாள் முதலாளி யாழ்ப்பாணம் போயிருந்தார். அவருடைய மச்சான் வெளியிலிருந்து மூன்று பேரைப் பிடித்து வந்து அறுபது மூட்டை நெல் அவிப்பித்துத் தளத்தில் பரப்பிவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அந்த மூன்று பேரும் படுத்துவிட்டார்கள். இரண்டு மணிக்குக் குளத்துப் பக்கமிருந்து முகில் ஏறியது. கேற்றுக்கு வெளியே ஆண்கள் பதினான்கு பேர். எதிர்ப்பக்கம் புளியமரத்தின் கீழ் நெல் அவிக்கிற பெண்கள், அவர்களுக்குள் நேசமலர்.

இந்த ஊரில் அவித்த நெல் றோட்டில் காயும்போது மழை வந்தால், யாருடைய நெல் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. சைக்கிளில் போகிறவன் சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்குவான். வேலிச் சண்டையில் ஆறு வருடமாக முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும் ஒரே சாக்கின் வாயைப் பிடித்து நெல் அள்ளிக் கட்டிவிட்டு, திரும்பவும் முகம் பார்க்காமல் போவார்கள். நனைந்தால் நெல் புளித்து நாறும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கால் இங்கே ஒருவருக்கும் இல்லை.

முதல் துளி விழுந்தபோது பதினான்கு பேரும் வேலி பாய்ந்தார்கள். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. கால்மணி நேரத்தில் அறுபது மூட்டையும் குவித்துப் படங்கு போட்டு மூடியபிறகுதான், தாங்கள் ஸ்ரைக்கில் இருப்பது நினைவு வந்தது. வந்த வழியே பாய்ந்து வெளியே வந்து, மழையில் நனைந்துகொண்டே குந்தினார்கள். மச்சான் எழும்பிப் பார்த்துவிட்டு, தன் மூன்று பேரும்தான் நெல்லைக் காப்பாற்றினார்கள் என்று அன்றிரவு சேவல் அடித்து அவர்களுக்குக் கறி வைத்துக் கொடுத்தார். அவர்களும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார்கள்.

கொழும்பிலிருந்த பெரிய சங்கத்துக்கு இது தெரிந்தால் முகத்தில் முழிக்க முடியாது. அதனால் கேற்றடியில் கற்பூரம் கொளுத்தி, ஒருவரையும் காட்டிக்கொடுப்பதில்லை என்று வற்றாப்பளை அம்மன்மேல் பதினான்கு பேரும் ஆணையிட்டார்கள். பன்னிரண்டு பேர் அந்த ஆணையோடேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது இரண்டு பேர்.

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றார் இளையதம்பி.

"பொய்யெண்டா சொல்லுங்கோ ஐயா. இப்பவே இந்தப் பக்கத்தை எடுத்துவிடுறன்."

இளையதம்பி வாயைத் திறந்தார். நேசமலர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வருடத்தில் மனைவியைப் பொய்க்காரி என்று சொல்லாத வாய் அது. திறந்த வாயால் தேத்தண்ணியைக் குடித்தார்.

"உண்மையெண்டா இருக்கட்டும் ஐயா. எனக்கு இந்தப் பக்கம் நல்ல விருப்பம்."

இருக்கட்டும் என்றால் நாளைக்கு 'ஸ்ரைக்கர் வீடு' 'கருங்காலி வீடு' ஆகிவிடும். பாய்ந்தது தான் மட்டும் இல்லை என்று சொன்னால் அம்மன் ஆணை தடுக்கும். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் சேறு.

அந்த நேரம்தான் படலை திறந்தது. யோகலிங்கம், வெள்ளை வேட்டியும் குடையுமாக வந்தார். எழுபத்தொன்பது வயது. ஒரு முழங்கால் மடியாது. புத்தக வெளியீட்டில் தலைமையுரை தன்னுடையது என்பதால், அச்சுக்குப் போகமுன் ஒருக்கால் பார்க்க வந்ததாகச் சொன்னார். கதிரையில் காலை நீட்டி இருந்து, நாற்பத்தேழாம் பக்கத்தை வாங்கி, கிட்டப் பிடித்தும் தள்ளிப் பிடித்தும் வெகுநேரம் பார்த்தார்.

"வடிவாய்க் கீறியிருக்கிறாய் பிள்ளை," என்றார். "இந்தப் பக்கத்திலை நான் இல்லைப்போலை."

"கேற்றடியிலை நிக்கிற தலையளுக்குள்ளை இருப்பியள் ஐயா."

"ஓம் ஓம். அங்கைதான் நிண்டிருப்பன். தலைவர் எண்டா கேற்றடியிலைதான் நிக்கவேணும்."

இளையதம்பி அவரைப் பார்த்த பார்வையில் அவித்த நெல் இன்னொருதரம் அவிந்திருக்கும்.

"யோகண்ணை, உங்களுக்கு ஞாபகம் குறைஞ்சுபோச்சுப்போலை."

"வயசு போகுதெல்லே தம்பி. சிலது ஞாபகம் வருகுது, சிலது வருகுதில்லை. அம்மன் புண்ணியத்திலை வராததுதான் கனக்க."

"அம்மனை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறியள்?"

"நான் இழுக்கேல்லை. நீர் இழுத்தால்தான் பிழை." யோகலிங்கம் தேத்தண்ணிக்குப் பனங்கட்டியைக் கடித்தார். "மனிசனெண்டா ஒரு பிழை விடுறதுதான் தம்பி. ஊர் மன்னிக்கும். நான் தலைமையுரையிலையும் சொல்லுறன், எங்கடை செயலாளர் இளகின மனசுக்காரர் எண்டு."

"என்னை நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்."

"சொல்லாட்டி ஆக்கள் வேறை மாதிரி நினைப்பினம்."

"நினைக்கட்டும். நான் மேடைக்கு வரேல்லை. விளக்குக் கொளுத்த வேறை ஆளைப் பாருங்கோ."

"அதையும் நானே கொளுத்துறன்," என்றார் யோகலிங்கம் பணிவாக.

ஞானேஸ்வரி நெல் துழாவி முடித்துவிட்டுக் கால் கழுவி வந்தாள். தகப்பனின் முகத்தையும் பெரியவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, இரண்டு பேரிடமும் கேட்காமல் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். நாளும் பொழுதும் பிள்ளைகளின் கொப்பி திருத்துகிறவள்.

"இது பிழை," என்றாள்.

"பாத்தியே," என்று இளையதம்பி நிமிர்ந்தார்.

"ஒரு ஆள் பலகை இழுக்கேலாது. ஒருத்தர் பிடியை அமத்தவேணும், ஒருத்தர் முன்னாலை கயித்தை இழுக்கவேணும். இதிலை அப்பா அமத்துறார். கயித்தைக் காணேல்லை. கயிறு இழுத்தது ஆர்?"

யோகலிங்கம் வாயிலிருந்த பனங்கட்டியை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"அந்த நாளையிலை ஆக்களுக்குப் பலம் கூடப் பிள்ளை," என்றார் அவர்.

"எவ்வளவு பலமெண்டாலும் ஒரு ஆள் பலகைக்கு முன்னாலையும் பின்னாலையும் நிக்கேலாது பெரியப்பா. அப்பா, ஆர் இழுத்தது?"

இளையதம்பி கூரையைப் பார்த்தார்.

"அம்மா?"

"எனக்குத் தெரியாது. நான் பாக்கேல்லை."

"புளியமரத்துக்குக் கீழைதானே இருந்தனீங்கள்? அப்பாவைக் கண்டனீங்கள், அப்பாவுக்கு முன்னாலை நாலு முழத்திலை நிண்ட ஆளைக் காணேல்லையோ?"

"காணேல்லை. நான் இவரைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்." நேசமலர் முந்தானையால் கையைத் துடைத்தார். "வேறை ஆம்பிளையளை நான் ஏன் பாக்கவேணும்? அதுக்குப் பிறகுதானே எங்கடை வீட்டிலை பொம்பிளை கேட்டு வந்தவை. முதலாளியின்ரை நெல்லுக்கே இப்பிடிப் பாயிற மனிசன், வீட்டு நெல்லை விடமாட்டார் எண்டுதான் ஓமெண்டனான்."

இதை அவர் ஐம்பது வருடத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. கேற்றுக்கு வெளியே பதினெட்டு நாள் தூண்போல நின்றதைக் கண்டுதான் பெண் சம்மதித்தாள் என்று இளையதம்பி நினைத்திருந்தார். அதையும் பலருக்குச் சொல்லியிருந்தார். அவர் என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திரும்பக் கையில் எடுத்தார். படத்தின் கருமுகிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளிச்சம் குறைந்தது. படத்தில் குறைகிறதோ என்று ஒரு கணம் நினைத்தார்.

"அம்மா, நெல்லு," என்றாள் ஞானேஸ்வரி.

மாசியில் வராத மழை. குளத்துப் பக்கமிருந்து கறுத்து வந்தது. தகரத்தில் முதல் துளி விழுந்த சத்தத்தோடு விறாந்தையில் ஐந்து கதிரையும் வெறுங்கதிரை. யதுர்ஷிகா தாள்களைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு ஓடிவந்தாள். ஞானேஸ்வரி சாக்குகளோடு ஓடினாள். நேசமலர் தும்புத்தடியோடு ஓரத்தால் கூட்டத் தொடங்கினார். ஆனால் எல்லோருக்கும் முதல் றோட்டில் நின்றவர் மடியாத முழங்கால் யோகலிங்கம். வெள்ளை வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. குடை படலையடியில் கிடந்தது.

மதிலில் சாத்தியிருந்த பலகையை இளையதம்பி எடுத்தார். பிடியை இரண்டு கையாலும் அமத்தினார். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. கயிற்றை முன்னால் வீசினார். யோகலிங்கமும் திரும்பிப் பார்க்கவில்லை; கையைப் பின்னால் நீட்டி அதைப் பிடித்து, இடது தோளால் போட்டு, உடம்பைச் சரித்து இழுத்தார். நெல் திரை திரையாகச் சுருண்டு குவிந்தது.

"மூலையைப் பிடி."

"பிடிச்சிட்டன். நீங்கள் நேரை இழுங்கோ."

"நேராய்த்தான் இழுக்கிறன். நீ அமத்துறது காணாது."

"ஐம்பது வரியமாய் இதைத்தான் சொல்லுறியள்."

இரண்டு மூட்டை நெல்தான். ஏழெட்டு இழுவையில் குவிந்துவிட்டது. ஞானேஸ்வரியும் யதுர்ஷிகாவும் படங்கை விரித்து மூடி நாலு பக்கமும் கல் வைத்தார்கள். சரியாக அப்போதுதான் மழை கொட்டியது. ஒரு மணி நெல் நனையவில்லை. நனைந்தவர்கள் ஐந்து பேர்.

இளைத்து இளைத்து நின்ற யோகலிங்கத்தின் தோளில் கயிறு அப்படியே கிடந்தது. யதுர்ஷிகா கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, ரெண்டு பேரும் ஒரு கதையும் கதைக்காமல் எப்பிடி உந்த இடத்திலை போய் நிண்டனீங்கள்?"

"இதென்ன கேள்வி பிள்ளை," என்றார் யோகலிங்கம் மூச்சு வாங்கிக்கொண்டு. "கயிறு எப்பவும் நான்தானே. அண்டைக்கும் இந்தத் தோள்தான். உரிஞ்சு போய் ரெண்டு கிழமை மாறேல்லை."

சொல்லி முடித்தபிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. மழை பெய்துகொண்டிருந்தது.

"நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றார் இளையதம்பி. "எல்லாரும் சாட்சி. என்ரை வாயாலை ஒரு சொல் வரேல்லை."

யோகலிங்கம் வற்றாப்பளை எந்தத் திசை என்று பார்ப்பவர்போல் கிழக்கே பார்த்தார். பிறகு கயிற்றைத் தோளிலிருந்து எடுத்து மெதுவாகச் சுருட்டினார்.

"நானும் சொல்லேல்லை. பிள்ளை கண்டுபிடிச்சது. கண்டுபிடிச்சதுக்கு அம்மன் கோவிக்கமாட்டா," என்றார். "அதோடை ஒருத்தனைத் தனிய நிக்கவிட்டதுக்குத்தான் அவா கூடக் கோவிச்சிருப்பா."

"அதை இப்பதான் நினைச்சனீங்களோ?"

"கயிறு தோளிலை விழேக்கை நினைச்சனான்."

அதற்குப்பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. தலையைத் துவட்டிவிட்டு, புழுங்கல் அரிசிச் சோறும் குளத்து மீன் குழம்பும் சாப்பிடுகிறபோதும் கதைத்தார்கள். யார் எந்த மூலையில் நின்றது, யார் படங்கைப் பிடித்தது, யார் காய்ச்சலோடு பாய்ந்து கம்பியில் சாரத்தை விட்டுவிட்டு வந்தது என்று பதினான்கு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். யதுர்ஷிகா இடது கையால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கீறினாள். சாரத்தை விட்டவரை எப்படிக் கீறுவது என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. முன்னால் ஒரு மூட்டையை வைப்பது என்று முடிவானது.

"அப்ப கையெழுத்து வைக்கலாம்தானே ஐயா?"

இளையதம்பி பேனையை எடுத்தார். எழுதாமல் வைத்தார்.

"அந்தப் புளியமரத்தடியிலை ஒருத்தரையும் காணேல்லை பிள்ளை."

"அம்மா தன்னைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லை ஐயா."

"அவா சொல்லமாட்டா. அவா அண்டைக்கு என்னைப் பாத்தவா எண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். ஆனா நான் வேலி பாயமுன்னம் அங்கை பாத்தனான். பச்சைச் சட்டை. கையிலை அகப்பை இல்லை, ஒண்டும் இல்லை. சும்மா நிண்டவா." அவர் தாளை அவள் பக்கம் தள்ளிவைத்தார். "கீறுறதெண்டா அவாவையும் கீறு. இல்லாட்டி நான் வைக்கேல்லை."

"விசர்க்கதை," என்றார் நேசமலர். சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை.

சித்திரையில் பொதுநோக்கு மண்டபத்தில் புத்தகம் வெளியானது. நாற்பத்தேழாம் பக்கம் இரண்டு பக்கத்துப் படமாகியிருந்தது. இளையதம்பி விளக்குக் கொளுத்தினார். யோகலிங்கத்தின் தலைமையுரை ஒரு மணித்தியாலம். இப்போது அந்தத் தளத்தில் தங்கள் தகப்பனும் நின்றார் என்று நாற்பது குடும்பம் சொல்கிறது. நின்றவர்கள் பதினான்கு பேர். இளையதம்பியும் கதையின் கடைசி வசனத்தை மாற்றிவிட்டார். "பதினெட்டு நாளும், அந்தக் கால்மணி நேரத்தைத் தவிர," என்று சொல்லிவிட்டு, முன்பைவிடக் கொஞ்சம் கூடவே நிமிர்கிறார்.

இன்னும் ஒரு கதையும் உலாவுகிறது. புளியமரத்தின் கீழ் பச்சைச் சட்டையோடு நிற்கிற நேசமலரை அவ்வளவு வடிவாகக் கீறச்சொல்லி இளையதம்பிதான் படம் கீறுகிற பிள்ளையை நெருக்கினார் என்றும், உண்மையில் அவர் அப்படி இருக்கவில்லை என்றும் கிருசாந்தன் கடையில் கதைக்கிறார்களாம். நெருக்கவில்லை. நேசமலர் அப்படித்தான் இருந்தார்.